நாலு கோப்பு, ஒரே பட்ஜெட்: ஆளுக்கேற்ற சிகிச்சையை ஒரு மருத்துவமனை எங்கிருந்து தொடங்குவது?

ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. 220 படுக்கை. ஊரில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள். பெரிய நோய் என்றால் கோயமுத்தூருக்கு வண்டி ஏறிவிடுவார்கள், மற்றதெல்லாம் இங்கேதான். இந்த வருடம் அறங்காவலர்கள் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டார்கள். "எல்லாரும் ஆளுக்கேத்த வைத்தியம்னு பேசறாங்க, நாமளும் எதாச்சும் பண்ணோணுங்க" என்பது தீர்மானத்தின் சாரம். எதைச் செய்வது என்று கேட்டதும் நாலு பக்கமிருந்து நாலு கோப்பு வந்துவிட்டது. மருத்துவமனை நிர்வாகத்தில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், நாலையும் படித்து ஒரு கருத்து எழுதித் தரச் சொன்னார்கள். இதே கேள்வி வேறு ஊர்களிலும் மேசை மேல் கிடப்பது தெரியும். அதனால் அந்தக் கருத்தைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் கோப்பு ஆய்வகத்திலிருந்து வந்தது: சொந்தமாக மரபணு ஆய்வகம், வருகிறவர்களில் விரும்பும் எல்லோருக்கும் முழு மரபணு வரிசை, அதாவது உடம்பின் மரபணு எழுத்துகளை முழுவதும் படித்துத் தரும் பரிசோதனை. இரண்டாவதை எழுதியது மருந்தகமும் மயக்க மருந்து நிபுணரும்: மரபணுவோடு தொடர்புள்ள சில மருந்துகளுக்கு மட்டும், சீட்டு எழுதும் முன் ஒரு பரிசோதனை. மூன்றாவது ஒரு மென்பொருள் விற்பனையாளரின் வண்ணப்படக் கோப்பு. நோயாளியின் விவரத்தைக் கொடுத்தால் சிகிச்சையைச் சொல்லுமாம். நாலாவது இரண்டே பக்கம், செவிலியர் கண்காணிப்பாளர் கையால் எழுதியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகம் என்று நாள்பட்ட நோயோடு வருகிறவர்களுக்கு நிரந்தரமான ஒரு குழு வேண்டும், போகும்போதெல்லாம் அதே முகங்கள் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

கோப்புகளுக்குள் போகும் முன் என் அம்மாவின் இருமலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுபத்து நாலு வயதில் ரத்தக் கொதிப்புக்கு எனலாப்ரில் எழுதினார்கள். பத்தே நாளில் வறட்டு இருமல். அந்த வகை மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும், புதிய சங்கதி ஒன்றுமில்லை. ஒரு டாக்டர் கண்டுபிடித்து மாற்றினார். ஆறு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக அதே மருத்துவமனையில் சேர்த்தோம். டிஸ்சார்ஜ் ஆகும்போது சீட்டில் மறுபடி எனலாப்ரில். மறுபடி இருமல், மறுபடி மாற்றம். அடுத்த வருடம் இன்னொரு டியூட்டி டாக்டர், அதே மாத்திரை. மூன்று தடவை. அம்மாவின் உடம்பு என்ன ஏற்கும், என்ன ஏற்காது என்பது அந்தக் கட்டடத்துக்குள் எழுதியே வைக்கப்பட்டிருந்தது. எழுதப்பட்ட தாள் ஒரு கோப்புக் கட்டுக்குள் இருந்தது, சீட்டு எழுதிய கை வேறொரு அறையில் இருந்தது.

அதனால் நாலு கோப்பையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் படித்தேன். இந்த ஆளைப் பற்றித் தெரிந்த விஷயம், முடிவெடுக்கும் நேரத்தில், முடிவெடுப்பவர் கண்ணில் படுமா?

முதல் கோப்பு பெருமையாகக் காட்டிய முன்னுதாரணம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கைசிங்கர் மருத்துவமனைக் குழுமம். அங்கே 2007இல் மைகோடு என்ற திட்டம் தொடங்கியது. நோயாளிகள் சம்மதித்து ரத்தமோ எச்சிலோ கொடுக்கிறார்கள். 2014இலிருந்து ரீஜெனரான் என்ற மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து மரபணு வரிசை எடுக்கிறார்கள். சேர்ந்தவர்கள் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். மார்பகம் மற்றும் சினைப்பைப் புற்றுநோய், பெருங்குடல் புற்றுநோய், பரம்பரையாக வரும் அதிகக் கொழுப்பு போன்று, முன்கூட்டித் தெரிந்தால் ஏதாவது செய்யக்கூடிய நோய்களுக்கான மாற்றம் இருந்தால் ஆளைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். நல்ல திட்டம், எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு.

ஆனால் அது அங்கே நிற்பதற்கு இரண்டு தூண்கள் உண்டு. கைசிங்கர் இருக்கும் பகுதியில் ஜனங்கள் அதிகம் இடம் மாறுவதில்லை. தாத்தா, மகன், பேரன் மூவரும் ஒரே மருத்துவமனைக்கு வருகிறார்கள். இருபது வருடம் கழித்து வரப்போகும் நோயை இன்றைக்குச் சொன்னால், இருபது வருடமும் பின்தொடர ஆள் இருக்கிறது. அடுத்தது, கைசிங்கருக்குச் சொந்தக் காப்பீட்டு நிறுவனம் உண்டு. ஒரு புற்றுநோயை முன்கூட்டிப் பிடித்தால் மிச்சமாகும் பணம் சுற்றிவந்து அதே வீட்டுக்குத்தான் சேரும். நம் 220 படுக்கையில் இந்த இரண்டும் இல்லை. நாம் செலவு செய்து கண்டுபிடிப்போம், சிகிச்சைக்கு அவர் கோயமுத்தூர் போவார், பணத்தைக் காப்பீட்டுத் திட்டம் அங்கே கட்டும்.

இன்னொரு சிக்கல், நமக்கே உரியது. தெற்காசியர்களில் நூற்றில் ஏறத்தாழ நாலு பேரிடம் எம்ஒய்பிபிசி3 என்ற இதயத்தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும். இதயத்தசை நோய்க்கான வாய்ப்பை அது கூட்டும் என்பதை 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது; மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. சரி, ஊரில் எல்லோருக்கும் வரிசை எடுத்தோம், நூற்றுக்கு நாலு பேரைக் கண்டுபிடித்தோம். நாளைக்குக் காலையில் அவர்களிடம் என்ன சொல்வது? நோயை வராமல் தடுக்கும் மாத்திரை கிடையாது. அவ்வப்போது எக்கோ எடுக்கச் சொல்லலாம். அண்ணன் தம்பிகளையும் பிள்ளைகளையும் வரச் சொல்லலாம். அதற்கு மரபணு ஆலோசகர் வேண்டும். நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஜாதகப் பொருத்தத்துக்கே பத்து வீடு ஏறி இறங்கும் ஊரில் பெண்ணுக்கு இப்படி ஒரு அறிக்கை இருக்கிறது என்று வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கோப்பு யோசித்ததாகவே தெரியவில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். ஒருவருடைய அறிக்கை அவருடைய தங்கையைப் பற்றியும் பேசும். தங்கை எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள்.

ஆய்வகம் வைப்பது பற்றி இங்கிலாந்து செய்ததையும் பார்க்க வேண்டும். 2012இல் அறிவித்த ஒரு லட்சம் மரபணு வரிசைத் திட்டத்தை 2018 டிசம்பரில் முடித்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு மருத்துவமனையும் சொந்த இயந்திரம் வாங்கவில்லை. ஏழு மைய ஆய்வகங்கள், எந்த நோய்க்கு எந்தப் பரிசோதனை என்று நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல். மாவட்ட மருத்துவமனை மாதிரியை அனுப்பும், அறிக்கை திரும்பி வரும். அவ்வளவு பணக்கார நாடே அனுப்பிவைத்துச் சமாளிக்கும்போது நாம் ஏன் இயந்திரம் வாங்க வேண்டும்? தேவைப்படும் குடும்பத்துக்கு மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முதல் கோப்பை அங்கேயே மூடிவிட்டேன்.

மூன்றாவது கோப்புக்கு அதிக நேரம் செலவிடவில்லை. புற்றுநோய்க்கு ஆளுக்கேற்ற சிகிச்சை சொல்லும் என்று ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் என்ற கணினிக் கருவியைக் கொண்டாடியவர்கள் உண்டு. டெக்சஸில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் அதை வைத்துத் தொடங்கிய திட்டத்துக்கு ஏறத்தாழ 6.2 கோடி டாலர் செலவானதாகப் பல்கலைக்கழகத் தணிக்கை சொன்னது. திட்டம் நோயாளிகளிடம் போய்ச் சேராமலே நின்றுபோனது. 2022இல் ஐபிஎம் அந்த மருத்துவப் பிரிவின் சொத்துகளை விற்றுவிட்டது. இப்போதைய கருவிகள் அதைவிடப் பல மடங்கு கெட்டி என்று விற்பனையாளர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அம்மாவின் இருமல் கணினியில் ஏறாத வரைக்கும் எந்தக் கெட்டிக்காரக் கருவியும் மறுபடி எனலாப்ரிலைத்தான் எழுதும். நம் கேஸ் ஷீட்டில் பாதி கையெழுத்து, மீதி சுருக்கெழுத்து. அதைச் சரிசெய்யாமல் மேலே மென்பொருள் வாங்குவது, களத்தில் நெல் இல்லாதபோது அரவை மில் வைப்பது மாதிரி.

இரண்டாவது கோப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதில் பலமும் உண்டு, ஒரு பொறியும் உண்டு.

பலத்தை முதலில் சொல்கிறேன். கார்பமசெபின் என்பது வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கும் பழைய, மலிவான, நல்ல மருந்து. எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ள சிலருக்கு அதைக் கொடுத்தால் தோல் வெந்ததுபோல் உரிந்து வரும், உயிரே போகலாம். இந்த வகை ஐரோப்பியர்களிடம் அரிது, ஆசியாவின் பல பகுதிகளில் உண்டு. தைவானில் மருந்து தொடங்கும் முன் 4,877 பேரைப் பரிசோதித்தார்கள். அந்த வகை உள்ளவர்களுக்கு மருந்தை மாற்றினார்கள். ஒருவருக்குக்கூட அந்தத் தோல் நோய் வரவில்லை. பழைய கணக்குப்படி அத்தனை பேரில் பத்துப் பேருக்காவது வந்திருக்க வேண்டும். 2011இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்தால் எந்த நிர்வாகிக்கும் உடனே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடத் தோன்றும்.

ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் நடந்த பிரிப்பேர் ஆய்வு இதைவிட அகலமானது. ஏறத்தாழ 7,000 பேர், 12 மரபணுக்கள். முடிவை ஓர் அட்டையில் அச்சிட்டு நோயாளி கையிலேயே கொடுத்துவிட்டார்கள். எந்த டாக்டரிடம் போனாலும், எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் நீட்டலாம். முக்கியமான பக்கவிளைவுகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததாக 2023இல் வெளியிட்டார்கள். என் கண்ணுக்கு அதில் அட்டைதான் பெரிதாகப் பட்டது. கோப்பு எங்கே போனாலும் அட்டை ஆளோடு வரும்.

இனி பொறி. ஹாங்காங்கில் 2008இல் கார்பமசெபினுக்கு முன் இந்தப் பரிசோதனையைக் கொள்கையாகவே கொண்டுவந்தார்கள். கார்பமசெபினால் வரும் தோல் நோய் குறைந்தது. ஆனால் வலிப்பு மருந்துகள் எல்லாவற்றாலும் வரும் தோல் நோயைச் சேர்த்து எண்ணிப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. பரிசோதனைக்கு எழுதி, முடிவு வரக் காத்திருக்க வேண்டுமே என்று டாக்டர்கள் பரிசோதனை தேவைப்படாத வேறு மருந்துகளை எழுதத் தொடங்கிவிட்டார்கள். பெனிடாயின் அவற்றில் ஒன்று. அதற்கும் அதே தோல் நோயைக் கொண்டுவரும் குணம் உண்டு. டாக்டர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஓபியில் அறுபது பேர் காத்திருக்கும்போது எவரும் அதைத்தான் செய்வார். சிங்கப்பூர் 2013இல் இதே பரிசோதனையை ஆசிய வம்சாவளி நோயாளிகளுக்கு வழக்கமான நடைமுறையாக அறிவித்தபோது அதோடு மானியத்தையும் சேர்த்தே கொடுத்தது. பரிசோதனை நிலைக்குமா என்பது பணம் யார் கையிலிருந்து போகிறது, முடிவு எத்தனை நாளில் வருகிறது, அதுவரை நோயாளி எதைச் சாப்பிடுகிறார் என்பதில்தான் இருக்கிறது. இவை மூன்றும் நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவுகள். டாக்டர் தலையில் கட்டிவிட்டால் ஹாங்காங்தான் நம் ஊரிலும் நடக்கும்.

கோப்பில் இருந்த மருந்துப் பட்டியலைத் துறைவாரியாகச் சலித்தேன்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரல், கல்லீரலில் ஒரு நொதி அதை மாற்றிய பிறகுதான் வேலை செய்யும். அந்த நொதி மந்தமாக உள்ளவர்கள் நம் பக்கம் அதிகம். பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினரிடம் செய்த ஆய்வில் நூற்றுக்கு 57 பேரிடம் மந்தமாக்கும் மாற்றம் ஒன்றாவது இருந்தது. பக்கவாதம் வந்து குளோபிடோக்ரல் தொடங்குகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனை செய்யலாம் என்று எந்தச் சிகிச்சை தகும் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2024இல் பரிந்துரைத்தது. இங்கே வாரம் இருமுறை வந்துபோகும் இதய மருத்துவரிடம் கேட்டேன். "எனக்குச் சந்தேகம் வந்தா டிகாக்ரெலர் எழுதிடுவேனுங்க, அது இங்கயே கிடைக்குது. டெஸ்ட் எதுக்கு?" என்றார். நியாயம்தான். ஆனால் அதே வேலையைச் செய்யும் டிகாக்ரெலரில் ரத்தக்கசிவு கொஞ்சம் அதிகம், ஒரு நாளில் இரண்டு வேளை போட வேண்டும், விலையும் கூட. வயதான விவசாயி ஒரு வேளையை மறப்பார். இதில் பரிசோதனை பயன்படும், அவசரமில்லை என்று குறித்துக்கொண்டேன்.

அசதையோபிரின் விஷயம் வேறு. முடக்குவாதம் மாதிரி, உடம்பே உடம்பைத் தாக்கும் நோய்களுக்குத் தரும் மருந்து. அதைச் செரிக்கும் வழியில் குறை உள்ளவர்களுக்கு வெள்ளை அணுக்கள் சரிந்து விழும், முடி கொத்தாகக் கொட்டும். ஐரோப்பியர்களுக்காக வந்த பழைய பரிசோதனை டிபிஎம்டி என்ற மரபணுவைப் பார்க்கிறது. ஆசியர்களில் பெரிய தொல்லை தருவது என்யுடிடி15 என்ற இன்னொரு மரபணு. அந்தப் பரிசோதனைக்கு எழுதும்போது எந்த மரபணு என்று பார்க்காமல் டிக் அடித்தால் பணமும் போகும், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பொய் நிம்மதியும் சேரும். மேற்கில் தயாரான பட்டியலை அப்படியே இறக்குமதி செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கோப்பில் இல்லை. பத்தாயிரம் இந்தியர்களின் மரபணு வரிசையை ஜீனோம்இந்தியா திட்டம் எடுத்திருக்கிறது. அதன் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. நம் ஜனங்களுக்கான பட்டியல் இனிமேல்தான் தெளிவாகும்.

எனக்குப் பிடித்தது மயக்க மருந்து நிபுணர் ஓரத்தில் கையால் எழுதியிருந்த குறிப்பு. மயக்கம் கொடுக்கும்போது சக்சினைல்கோலின் என்ற மருந்தைக் கொடுத்தால் தசை சில நிமிடம் தளர்ந்து பிறகு தானாகத் திரும்பும். அதை உடைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது; வெண்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஆரிய வைசிய சமூகத்தினரிடம் இந்தக் குறை அதிகம் என்பது தென்னிந்திய மயக்க மருந்து நிபுணர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். இதற்கு மரபணு இயந்திரமே தேவையில்லை. ரத்தத்தில் சூடோகோலினெஸ்டரேஸ் அளவு பார்த்தால் போதும். பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களுக்காக அந்தப் பரிசோதனை இந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே நடக்கிறது! இருக்கிற பரிசோதனை, இருக்கிற ஆள், இருக்கிற இயந்திரம். அறுவைக்கு முந்தைய படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சாதியைக் கேட்பதைவிட, "உங்க வீட்ல யாருக்காச்சும் ஆபரேஷன் முடிஞ்சு மூச்சு திரும்ப ரொம்ப நேரம் ஆச்சுங்களா?" என்று கேட்பது மரியாதையானது, இன்னும் சரியானதும்கூட.

நாலாவது கோப்புக்கு வருகிறேன். கையெழுத்துக் கோப்பு. செவிலியர் கண்காணிப்பாளர் எந்த முன்னுதாரணமும் எழுதவில்லை, முப்பது வருடம் வார்டில் பார்த்ததை எழுதியிருந்தார். அவர் சொன்னதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு, அலாஸ்காவில்.

ஆங்கரேஜ் நகரத்தில் சவுத்சென்ட்ரல் பவுண்டேஷன் என்ற அமைப்பு. அலாஸ்காவின் பூர்வகுடி மக்களுக்கான மருத்துவத்தை முன்பு அமெரிக்க மத்திய அரசு நடத்தியது. டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், போகிற ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர், பொறுக்க முடியாதவர்கள் அவசரப் பிரிவில் போய் உட்கார்வார்கள். நம் ஊர் வாசனை அடிக்கிறது அல்லவா. தொண்ணூறுகளின் கடைசியில் மக்களே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். அங்கே வரவேற்பாளராக வேலைக்குச் சேர்ந்த கேத்தரின் காட்லீப் என்ற பூர்வகுடிப் பெண்தான் நீண்ட காலம் தலைமை நிர்வாகியாக இருந்தார். நோயாளி என்ற சொல்லையே மாற்றி வாடிக்கையாளர்-உரிமையாளர் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிரந்தரக் குழு: டாக்டர், பின்தொடரும் செவிலியர், மருத்துவ உதவியாளர், அழைப்பு மற்றும் தேதி பார்ப்பவர். மனநல ஆலோசகரும் எட்டும் தூரத்தில். டாக்டருக்குத் தனி அறை கிடையாது, குழு முழுவதும் ஒரே இடத்தில் உட்காரும். கூப்பிட்ட அன்றே பார்க்கலாம். அவசரப் பிரிவுக்குப் போவதும் மருத்துவமனையில் சேர்வதும் கணிசமாகக் குறைந்தன. தரத்துக்காக அமெரிக்கா தரும் பால்ட்ரிட்ஜ் விருது 2011இலும் 2017இலும் கிடைத்தது.

அங்கே ஆளுக்கேற்ற சிகிச்சை என்பதற்கு அர்த்தம், ஆளைத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருக்கிறார் என்பதுதான். இவருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாது, இவர் இரவு லாரி ஓட்டுபவர், இன்சுலினை ராத்திரியில் போட முடியாது, இந்த அம்மாவின் மகன் போன மாசம் துபாய் போய்விட்டான், சமைக்க ஆளில்லை. இவை எந்த மரபணு அறிக்கையிலும் வராது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் மகளிர் தன்னார்வலர்களுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ள நம் மருத்துவமனையில் ஓர் ஆள் இல்லை.

நாலாவது கோப்பின் பலவீனம் பணம். ஒளித்துப் பயனில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் தனியார் காப்பீடும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று பேக்கேஜ் கணக்கில்தான் தருகின்றன. ஒருவரை மருத்துவமனையில் சேராமல் காப்பாற்றினால் பைசா வராது. அலாஸ்காவில் அரசு தரும் ஆண்டுத் தொகை அடித்தளமாக இருக்கிறது. இங்கே குழு நன்றாக வேலை செய்தால் படுக்கை காலியாகும், வருமானம் குறையும். அறங்காவலர்கள் இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வருடம் கணக்கர் வந்து குழுவைக் கலைக்கச் சொல்வார். நான் எழுதிக் கொடுத்த வழி, முதலில் 800 சர்க்கரை நோயாளிகள், ஒரே குழு, ஆளுக்கு ஆண்டுச் சந்தா. அதில் மூன்று மாத ரத்தப் பரிசோதனை, கண் விழித்திரை, கால் பரிசோதனை, தொலைபேசி எல்லாம் அடக்கம். கட்ட முடியாதவர்களுக்கு அறக்கட்டளை. நம் ஊர் ஜனம் சீட்டுக் கட்டிப் பழகியவர்கள், வருடச் சந்தா புதிதல்ல.

மருத்துவக் கண்காணிப்பாளர் ஓர் ஆட்சேபம் சொன்னார், கேட்க வேண்டிய ஆட்சேபம். "ஆளுக்கொரு மாதிரின்னு விட்டுட்டா, ஒவ்வொரு டாக்டரும் அவங்கவங்க இஷ்டத்துக்குச் செய்வாங்க. அதுக்குப் பேரு ஆளுக்கேத்த வைத்தியமுங்களா?"

இதற்குப் பதில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டியில் இன்டர்மவுன்டன் குழுமத்தின் எல்டிஎஸ் மருத்துவமனை. நுரையீரல் செயலிழந்து வெண்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு மாதிரி இயந்திரத்தைத் திருப்பினார்கள். ஆலன் மோரிஸ் என்ற மருத்துவரின் குழு ஒரே நடைமுறையை எழுதியது. கூடவே ஒரு விதி: ஆளுக்குப் பொருந்தாவிட்டால் மீறுங்கள், ஏன் மீறினீர்கள் என்று எழுதுங்கள். எழுதியதைப் படித்து நடைமுறையையே திருத்திக்கொண்டே போனார்கள். முதலில் 59 சதவீதம் மீறல். நாலு மாதத்தில் 6 சதவீதம். மிக மோசமான நிலையில் வந்தவர்களில் பிழைத்தவர்கள் 9.5 சதவீதத்திலிருந்து 44 சதவீதமானார்கள் என்று அக்குழுமத்தின் பிரென்ட் ஜேம்ஸ் பதிவு செய்திருக்கிறார். பொதுவான கோடு ஒன்று இருந்தால்தான் இந்த ஆளுக்கு எங்கே விலக வேண்டும் என்பது கண்ணில் படும்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. மதுரையில் 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை ஒரு நூல் பிசகாமல் ஒரே மாதிரி நடக்கும். ஆனால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை ஒவ்வொரு கண்ணாக அளந்துதான் முடிவு செய்கிறார்கள். அந்த லென்ஸ்களை மலிவாகச் செய்ய 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக்கூடத்தைத் தொடங்கினார்கள். மிச்சமெல்லாம் ஒரே மாதிரி ஆனதால்தான் அந்த ஓர் அளவைக் கவனமாகப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

இங்கே ஒரு நடைமுறைத் தொல்லை. இன்டர்மவுன்டனில் நடைமுறையை எழுதியவர்கள் அந்தப் படுக்கையருகிலேயே இருந்த மருத்துவர்கள். நம்மிடம் பாதிப் பேர் வந்துபோகும் கன்சல்டன்ட்கள். செவ்வாய் இங்கே, புதன் நாமக்கல். சுற்றறிக்கை ஒட்டினால் படிக்க மாட்டார்கள். அவர்களில் இரண்டு பேரையாவது நடைமுறை எழுதும் மேசையில் உட்கார வைத்து, அந்த நேரத்துக்கும் பணம் கொடுக்க வேண்டும். தலைமை என்று எதையாவது சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன்: யாருடைய நேரத்துக்குக் காசு, யார் மீறலைப் படிப்பது, எந்த நாளில் படிப்பது.

ஆக, கருத்துக் கடிதத்தில் வரிசையை இப்படி எழுதினேன். ஒதுக்கிய தொகையில் பெரும்பங்கு நாலாவது கோப்புக்கு, 800 பேர் குழுவுக்கு. அடுத்து இரண்டாவது கோப்பிலிருந்து மூன்றே மூன்று: கார்பமசெபின், அசதையோபிரின், அறுவைக்கு முன் நொதி அளவு. முதல் இரண்டுக்கும் மாதிரி வெளியே போகும், செலவு மருத்துவமனையுடையது, முடிவு வரும்வரை என்ன கொடுப்பது என்று நரம்பியல் மருத்துவரும் மூட்டு மருத்துவரும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பரிசோதனை செய்தவர்கள் எத்தனை பேர் என்பதோடு, பரிசோதனையைத் தவிர்க்க எந்த மருந்துக்கு மாறினார்கள் என்றும் மருந்தகம் மாதாமாதம் எண்ண வேண்டும். ஹாங்காங்கை அப்படித்தான் முன்கூட்டிப் பிடிக்க முடியும். எல்லா நோயாளிக்கும் ஒரு அட்டை. ஒத்துக்கொள்ளாதது சிவப்பில், தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். மென்பொருள் கோப்பு இரண்டு வருடம் கழித்து, கேஸ் ஷீட் கணினிக்குப் போன பிறகு.

கூட்டத்தில் ஒரு அறங்காவலர் கேட்டார்: "ஜீன் லேப்னு போர்டு வெச்சா ஊரே பார்க்கும். குழுன்னு போர்டுல என்னத்தங்க எழுதறது?" சங்கடமான கேள்விதான், பதில் உடனே வரவில்லை. குழுவில் இருக்கும் நாலு பேர் பெயரையும் செவிலியரின் தொலைபேசி எண்ணையும் எழுதலாம் என்றேன். சிரித்தார்கள். பிறகு செவிலியர் கண்காணிப்பாளர், அந்த எண்ணை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் யார் எடுப்பது என்று கேட்டார். அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் பேசினோம்.

இந்த வரிசை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையாக இருந்தாலோ, மரபணு ஆலோசகர் இருவர் சம்பளத்தில் இருந்தாலோ, நெருங்கிய உறவில் திருமணம் அதிகம் நடக்கும் பகுதியில் பிறவி நோய்ப் பிரிவு வைத்திருந்தாலோ முதல் கோப்பை இவ்வளவு சீக்கிரம் மூடியிருக்க மாட்டேன். வேலூர் சி.எம்.சி.யில் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே அதற்கான ஆட்களும் பல்லாண்டுப் பின்தொடர்தலும் இருக்கின்றன. நாளைக்கே காப்பீட்டுத் திட்டம் பேக்கேஜை விட்டு ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க ஆரம்பித்தாலும் கணக்கு மாறும். அப்போது அந்த முதல் கோப்பை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்ட வேண்டியிருக்கும். எறிந்துவிட வேண்டாம் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறேன்.